பெரியக்கா மாதிரி

இந்த சூப்பர்வைசர் வேலை வேணும்னு நான் யார்கிட்டயும் கேக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன். பத்தொம்பது வருஷமா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல விரிப்பு மடிச்சவ நான். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் விரிப்பு. அதுக்கு மேல தலையணை உறை, துண்டு, ஆபரேஷன் பண்றவங்க போடுற பச்சை அங்கி. எங்களுக்கெல்லாம் சூப்பர்வைசரா இருந்த பெரியக்கா ஓய்வு பெத்தப்போ, மேலிடத்துல பட்டியல எடுத்து வெச்சு யாரு ரொம்ப நாளா இருக்கான்னு பாத்தாங்க. நான் இருந்தேன். அவ்வளவுதான். திறமையாவது மண்ணாவது.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்கு அடியில இருக்கு. கூரையை ஒட்டி ரெண்டு சின்ன ஜன்னல், அதுல போறவங்க வர்றவங்க செருப்பு மட்டும் தெரியும். ஒரு பக்கம் துவைக்கிற மிஷின் எட்டு, அடுத்து காய வைக்கிற மிஷின் அஞ்சு, நடுவுல நீளமா அந்த உருளை இஸ்திரி. ரெண்டு பேர் இந்தப் பக்கம் விரிப்ப உள்ள விடணும், ரெண்டு பேர் அந்தப் பக்கம் சூடா வர்றத வாங்கி மடிக்கணும். எல்லாம் ஒண்ணா ஓடறப்போ வர்ற சத்தம் இருக்கே, அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பக்கத்துல நிக்கிறவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா காதுகிட்ட வாயக் கொண்டுபோய்க் கத்தணும்.

எனக்குக் கீழ பதிமூணு பேர். நேத்து வரைக்கும் என்கூட ஒரே டப்பாவுல கையவிட்டுச் சாப்பிட்டவளுங்க. இன்னிக்கு நான் சொன்னா கேட்டுடுவாளுங்களா. "அம்மணிக்கு நாக்காலி வந்துருச்சு"ன்னு ஒருத்தி சொல்ல, மத்தவளுங்க எல்லாம் விரிப்புக்குள்ள மூஞ்ச வெச்சுக்கிட்டுச் சிரிப்பாளுங்க. மூணு வாரம் தொண்டை கிழியக் கத்திப் பாத்தேன். மேல வார்டுக்கு நேரத்துக்கு விரிப்பு போகல, தலைமை நர்ஸ் இறங்கி வந்து எல்லார் முன்னாடியும் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் வெந்நீர்ல உப்பு போட்டுத் தொண்டைய அலசிக்கிட்டே நெனச்சேன், பெரியக்கா இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கத்தியிருப்பாங்களா?

கத்தினதே இல்ல. குள்ளமான உடம்பு, எலும்பும் தோலுமா இருப்பாங்க. ஆனா அவங்க வந்து பக்கத்துல நின்னா நம்ம கை தானா வேகமா மடிக்கும். நாம ஏதாவது சாக்கு சொல்லுவோம். அவங்க ரொம்ப கிட்ட வந்து, மூஞ்ச லேசா ஒருக்களிச்சு, நம்ம கண்ணப் பாக்காம வாயையே பாப்பாங்க. ஒரு நாலு எண்ணுற நேரம் ஒண்ணும் பேச மாட்டாங்க. அப்புறம் மெதுவா, "திருப்பிச் சொல்லு" அப்படிம்பாங்க. ஆச்சு. பொய் சொன்னவளுக்கு ரெண்டாவது தடவை நாக்கு எழும்பாது. மென்னு முழுங்கி நிஜத்தக் கக்கிடுவா. பெரியக்கா முன்னாடி எந்தப் பொய்யும் ரெண்டு தடவை நிக்காதுன்னு எங்க கூடத்துல எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் ஆறு விரிப்பு நடுவுல பழுப்பா கருகிப்போய் வந்துச்சு. இஸ்திரியில நின்னவ ரேடியோ. அவ பேரு அது இல்ல, ஆனா வாய மூடவே மாட்டாங்கறதால எல்லாருக்கும் அவ ரேடியோதான். "மிஷின் சூடு தானா ஏறிடுச்சு, நான் என்ன பண்ண"ன்னு அலட்சியமா சொன்னா. எனக்கு அன்னிக்குத் தொண்டை இல்ல, கத்த முடியாது. வேற வழி இல்லாமத்தான் செஞ்சேன். கிட்டப் போனேன். மூஞ்ச ஒருக்களிச்சேன். அவ வாயையே பாத்தேன். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. "திருப்பிச் சொல்லு."

ரேடியோ வாயத் திறந்தா. "மிஷின் சூடு..." அதோட நின்னுபோச்சு. கீழ பாத்தா. "டீ குடிக்கப் போயிட்டேன்க்கா"ன்னா. அதுவரைக்கும் வாடி போடின்னவ, என்னைவிட ஒரு வயசு பெரியவ, என்னை அக்கான்னா.

அதுக்கப்புறம் நான் விடல. காய வைக்கிற மிஷினோட எவர்சில்வர் கதவுல என் மூஞ்சப் பாத்துப் பாத்துப் பழகினேன். தலைய எவ்வளவு திருப்பணும், புருவத்த என்ன பண்ணணும், எல்லாம். பெரியக்கா நடக்கறப்போ காலை இழுக்காம வெச்சு வெச்சு நடப்பாங்க, அதையும் எடுத்துக்கிட்டேன். அடுக்கி வெச்ச விரிப்பு மேல உள்ளங்கைய ஒரு தடவை வெச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிடுவாங்க, அதையும் விடல. ரெண்டே மாசத்துல பதிமூணு பேரும் பெட்டிப் பாம்பா அடங்கிட்டாங்க. தலைமை நர்ஸ், "பழைய மேடம் இருந்த மாதிரியே இருக்கும்மா இப்போ"ன்னாங்க. நான் சிரிக்கல. பெரியக்கா சிரிக்க மாட்டாங்களே.

ஆனா ஒண்ணு. அது லேசுப்பட்ட வேலைன்னு நெனச்சுடாதீங்க. இன்னொருத்தங்க உடம்பத் தூக்கி நம்ம உடம்பு மேல மாட்டிக்கிட்டு எட்டு மணி நேரம் நிக்கணும். கழுத்து வலிக்கும். வாய்விட்டுச் சிரிக்கத் தோணறப்போ சிரிக்க முடியாது. சாப்பாட்டு நேரத்துல அவளுங்க ஒரு மூலையில உக்காந்து சிரிச்சுப் பேசுவாளுங்க, நான் வந்தா சட்டுனு டப்பா மூடியப் பாப்பாளுங்க. நான் தனியாச் சாப்பிட்டேன். மரியாதைன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

அந்த வேஷத்த அங்கயே கழட்டி வெச்சுட்டு வந்திருக்கணும். அதுதான் நான் பண்ணின தப்பு.

எனக்கு ஒரே மக. இருபத்தி மூணு வயசாகுது, இன்னமும் பாப்பாதான். அவ அப்பா போய்ச் சேரும்போது அவளுக்குப் பதினொண்ணு. கண்ணாடிக் கடையில வேலை பாக்கறா, வர்றவங்களுக்குக் கண்ணாடி பிரேம் மாட்டிப் பாத்து, காதுகிட்ட வளைச்சுக் குடுக்கிற வேலை. என் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நிறுத்தம் முன்னாடி அவ கடை. தினமும் ஒரே பஸ்ஸுல போவோம். சின்னதுல அது வாய் ஓயாது. பள்ளிக்கூடத்துல எவ எவகூடக் கா விட்டா, வாத்தியார் சட்டையில எத்தனை பட்டன் இல்ல, எல்லாம் ஒப்பிக்கும். "கொஞ்சம் வாய மூடேன் தாயே"ன்னு நான் கும்பிட்டிருக்கேன்.

ஒரு நாள் வேலை விட்டு மூணு மணி நேரம் தாமதமா வந்தா. கேட்டா, "கடையில கணக்கெடுப்பு"ன்னா. நான் இன்னும் வேலைப் புடவையக்கூட மாத்தல, உடம்புல பெரியக்கா இன்னும் இருந்தாங்க. கிட்டப் போய் நின்னேன். நாலு எண்ணினேன். "திருப்பிச் சொல்லு." பாப்பா திருதிருன்னு முழிச்சா. அப்புறம் குனிஞ்சுக்கிட்டு, "கூட வேலை பாக்கிறவளோட படம் பாக்கப் போனேன்மா"ன்னா. படம் பாக்கறது ஒரு குத்தமா? இல்லவே இல்ல. ஆனா அந்த நிமிஷம் எனக்குக் கிடைச்ச ருசி இருக்கே, அது பொல்லாதது. கத்தாம, அடிக்காம, ரெண்டு வார்த்தையில பொண்ண நிமித்திட்டேன்னு ஒரு மிதப்பு.

அப்புறம் எல்லாத்துக்கும் அதுதான். தலை வலிக்குதுன்னாலும் திருப்பிச் சொல்லு. வேலை பிடிக்கலைன்னாலும் திருப்பிச் சொல்லு. மூணு வருஷம். அவ பேச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. "சாப்பிட்டேன்." "வரேன்." "தூங்கறேன்." அக்கம்பக்கத்துல, பொண்ண அடக்கமா வளத்திருக்கீங்கன்னாங்க. நானும் வெக்கமில்லாம ஆமான்னு தலையாட்டினேன்.

போன வருஷ ஆரம்பத்துல எனக்கு இடது காது மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. முதல்ல அழுக்குன்னு நெனச்சேன். எங்க ஆஸ்பத்திரியிலயே காட்டினா மேலிடத்துக்குப் போயிடும்னு, ஊருக்கு மறுகோடியில ஒரு டாக்டர்கிட்டப் போனேன். அவர் காதுல ஒரு கருவிய மாட்டி, பீப் சத்தம் கேக்கறப்போ கையத் தூக்குன்னார். வலது காதுக்குத் தூக்கினேன். இடது காதுக்கு எப்போ வெச்சாருன்னே தெரியல. "எத்தனை வருஷம் மிஷின்கிட்ட நிக்கிறீங்க?" கேட்டார். சொன்னேன். "இது திரும்பி வராதும்மா. இருக்கிற காதப் பத்திரமா வெச்சுக்கங்க"ன்னு பஞ்சு குடுக்கிற மாதிரி சாதாரணமாச் சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டார். எச்சரிக்கை மணி காதுல விழாதவங்கள மிஷின் பக்கம் நிக்க விட மாட்டாங்க, அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்குத் தள்ளிடுவாங்க. அதனால நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பாப்பாகிட்டகூட.

அந்த நேரத்துலதான் பெரியக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சுன்னு கேள்விப்பட்டு, பழம் வாங்கிக்கிட்டுப் பாக்கப் போனேன். தெரு முனையிலயே அவங்க வீட்டு டிவி சத்தம் கேட்டுச்சு. மணிய ஏழெட்டுத் தடவை அழுத்தினப்புறம்தான் கதவு திறந்துச்சு. நான் போய் நாக்காலியில உக்காந்ததும், "அந்தப் பக்கம் வேணாம்டி, இந்தப் பக்கம் வந்து உக்காரு. அந்தக் காது செத்துப்போய்ப் பதினஞ்சு வருஷம் ஆகுது"ன்னாங்க.

"பதினஞ்சு வருஷமாவா? வேலையில இருக்கிறப்பவேயா?"

"பின்ன? வெளிய சொன்னா அழுக்கு அறைக்குப் போன்னுவாங்க. வாயப் பாத்துப் பாத்துச் சமாளிச்சேன். புரியலைன்னா திருப்பிச் சொல்லச் சொல்லுவேன்."

"அக்கா, நாங்க அதக் கேட்டு நடுங்குவோம்."

"எதுக்குடி நடுங்கணும்?" நிஜமாவே அவங்களுக்கு விளங்கல. "எனக்கு ஒரே குழப்பம். நீங்க எல்லாரும் முதல்ல ஒண்ணு சொல்லுவீங்க, திருப்பிக் கேட்டா வேற என்னவோ சொல்லுவீங்க. எது சரின்னே தெரியாது. மறுபடியும் கேட்டா காது விஷயம் தெரிஞ்சுடுமேன்னு பேசாமப் போயிடுவேன்."

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவங்களும் சிரிச்சாங்க. பெரியக்கா சிரிச்சு நான் பாத்ததே இல்ல, மேல்வரிசையில ரெண்டு பல்லு இல்ல. அப்புறம், "நீ எப்படிடி சமாளிக்கிறே?"ன்னாங்க. "உங்கள மாதிரிதான்க்கா"ன்னேன். அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு, "உனக்கும் போயிடுச்சா, பாவம்"ன்னாங்க. திரும்பி வர்ற வழியில அந்தச் சிரிப்பு நின்னு எரிச்சலா மாறிடுச்சு. எந்தக் கம்பீரத்தப் பாத்துப் பாத்து நான் கழுத்து வலிக்கக் காப்பியடிச்சேனோ, அது ஒரு பொம்பள காது கேக்காம முழிச்ச முழி. அதப் போய் என் பொண்ணுகிட்டக் காட்டியிருக்கேன்.

தெரிஞ்சப்புறம் விட்டுட்டியான்னு கேப்பீங்க. விடல. விட்டா பதிமூணு பேரும் அன்னிக்கே என் தலையில ஏறிடுவாங்க. அதோட, இப்போ எனக்கு நிஜமாவே கேக்கலையே. வேஷமும் நிஜமும் ஒரே வார்த்தையில வந்து நின்னுபோச்சு. புதுசா வந்த ஒருத்தி பக்கத்துல அந்த ரேடியோ போய் நின்னு மூஞ்ச ஒருக்களிச்சு "திருப்பிச் சொல்லு"ன்னு சொல்றத ஒரு நாள் தூண் மறைவுல நின்னு பாத்தேன். எனக்குக் கேக்கல, வாயப் பாத்தே தெரிஞ்சுது. அந்தப் புதுப் பொண்ணு பேயறைஞ்ச மாதிரி நின்னா. கோபப்படக்கூடத் தெம்பில்லாம அப்படியே திரும்பி வந்துட்டேன்.

இப்போ நடந்த விஷயத்துக்கு வரேன். போன செவ்வாய்க்கிழமை காலையில பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தோம். நான் ஜன்னலோரம், ஜன்னல் எனக்கு வலது பக்கம், பாப்பா இடது பக்கம். மழை. ஜன்னல் கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. பஸ் ஒரு பாலத்துக்கு அடியில போறப்போ வெளிய இருட்டாகி, கண்ணாடியில எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் தெரிஞ்சுது. பாப்பாவோட வாய் அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

முதல்ல ஏதோ பாட்டு முணுமுணுக்கறான்னு நெனச்சேன். இல்ல. அவ பேசிக்கிட்டிருந்தா. போன் கையில இல்ல. நேரா முன்னாடி இருக்கிற சீட்டப் பாத்துக்கிட்டு, அவசரமில்லாம, நீளமாப் பேசிக்கிட்டிருந்தா. ஒரு தடவை கண்ணத் துடைச்சுக்கிட்டா. என் பொண்ணு என் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டே எங்கிட்ட ஏதோ சொல்றா, எனக்கு பஸ் இரைச்சலத் தவிர ஒண்ணும் கேக்கல.

சட்டுனு திரும்பினேன். பதட்டத்துல வாயில வந்தது அதுதான். "திருப்பிச் சொல்லு."

அவ மூஞ்சியில கதவு சாத்தின மாதிரி ஆயிடுச்சு. "ஒண்ணுமில்லம்மா."

"இல்ல பாப்பா, நிஜமாத்தான் கேக்கறேன். என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லைன்னேன்ல."

அவ நிறுத்தம் வந்துச்சு, இறங்கிட்டா. நான் அன்னிக்கு விரிப்பு எண்ணிக்கைய மூணு தடவை தப்பா எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுல கேட்டேன். ஒண்ணுமில்ல. காலையில கேட்டேன். ஒண்ணுமில்ல. நான் எப்படிக் கேட்டாலும் அது அந்தக் கேள்வி மாதிரியே வந்து விழுந்துச்சு. மூணு வருஷமா அதையே பேசின வாய், வேற எப்படிப் பேசும்? வியாழக்கிழமை அவ துணி அலமாரியத் திறந்தேன், பாதி காலி. கட்டிலுக்கு அடியில புதுப் பெட்டி ஒண்ணு. எங்க போறா? யார்கூட? திரும்பி வருவாளா? எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லியிருக்கா, அதுதான் கொடுமை. சொல்லாமப் போறவளத் திட்டலாம். இவள எப்படித் திட்டுவேன்?

எங்களுக்கு எதிர் வீட்டுல ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்க பசங்க ரெண்டும் தோள்ல தொங்கிக்கிட்டு எல்லாக் கதையும் சொல்லும். அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும், எதிர் ஜன்னல்தானே. "என்ன கண்ணு, மனசுல என்ன இருக்கு, சொல்லுடா செல்லம்"னு இழுத்து, பசங்க காதோர முடிய ஒதுக்கி விடுவாங்க. சரி, ஒரு ஆளக் காப்பியடிச்சு வந்த வினைய இன்னொரு ஆளக் காப்பியடிச்சுத் தீத்துடலாம்னு என் புத்தி போச்சு பாருங்க. வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் அவ பக்கத்துல போய் உக்காந்து, அதே மாதிரி குரலக் குழைச்சு, "என்ன கண்ணு"ன்னு முடிய ஒதுக்கினேன்.

பாப்பா என் கையப் பிடிச்சுக் கீழ வெச்சா. கோபமா இல்ல, மெதுவா. "எதிர் வீட்டு டீச்சர் மாதிரிப் பேசறே. வேணாம்மா. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அடிச்சிருந்தாகூட அவ்வளவு வலிச்சிருக்காது. எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ச்சேன். என் குரல் எது, நான் எப்படிப் பேசுவேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகத்துக்கே வரல. அவ அப்பா இருந்தவரைக்கும் ஏதோ ஒரு மாதிரிப் பேசிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு பேருக்கும் அரை நாள் லீவு. அவ கட்டில் மேல துணிகளப் போட்டு மடிச்சுக்கிட்டிருந்தா. பெட்டிய இப்போ ஒளிச்சு வெக்கல, திறந்தே இருந்துச்சு. நான் கட்டிலோட மறு ஓரத்துல உக்காந்தேன். எந்தக் குரலும் எடுத்துக்கல. எடுக்கத் தெம்பும் இல்ல.

"பாப்பா, எனக்கு இடது காது கேக்காது. சுத்தமாக் கேக்காது. ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு பஸ்ஸுல நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் காதுல விழல. உன்னை மடக்கறதுக்காகக் கேக்கல. கேக்காததாலதான் கேட்டேன்."

அவ ஒரு துண்ட நாலா மடிச்சு வெச்சா. நிமிந்து பாக்கல. "தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"காது. போன வருஷமே தெரியும். உன் இடது பக்கம் வெச்சிருந்த போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பின்னாடி டிவி ஓடிச்சு, நீ காய் நறுக்கிக்கிட்டிருந்தே. திரும்பவே இல்ல. அப்புறம் ரெண்டு மூணு தடவை சோதிச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா அந்தப் பக்கம் உக்காந்து சொன்னே?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன்."

எனக்கு விளங்கல. அவ அடுத்த துணிய எடுத்தா. என்கிட்டப் பழகினவதானே, ஓரம் ஓரத்தோட சரியா வெச்சு மடிப்பா. மடிச்சுக்கிட்டே சொன்னா, "அன்னிக்கு மட்டும் இல்லம்மா. ஒரு வருஷமா தினமும் சொல்லிட்டுத்தான் வரேன். நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு வருவே. நான் சொல்லிக்கிட்டே வருவேன். கடையில முதலாளி பேசினது. எனக்கு ஒருத்தனப் பிடிச்சிருந்தது, அவன் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டது. அப்பா முகம் மறந்துபோகுதேன்னு பயமா இருந்தது. எல்லாம். உன் தோள் என் தோள்ல பட்டுக்கிட்டிருக்கும். சொல்லி முடிச்சு இறங்கறப்போ லேசா இருக்கும்."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா திருப்பிச் சொல்லுன்னுவே." இப்போதான் என்னை நிமிந்து பாத்தா. "நிஜத்தையே சொன்னாலும், ரெண்டாவது தடவை சொல்றப்போ அது எனக்கே பொய் மாதிரி ஆயிடுதும்மா. அதான் கேக்காத பக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் நீ பழைய அம்மாவா இருந்தே."

நான் அழுதேன். அழுததச் சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல. அவ எழுந்து வந்து என் வலது பக்கம் உக்காந்தா. கடைக்காரங்க தூரத்து ஊருல புதுசா ஒரு கிளை திறக்கறாங்களாம், பஸ்ஸுல போனா ஒன்பது மணி நேரமாம். அவள அங்க பொறுப்பாப் போடறாங்களாம். கூட வேலை பாக்கிற ரெண்டு பொண்ணுங்களோட ஒரே அறையில தங்கப் போறாளாம். நாளைக்குக் காலையில கிளம்பணும். அவ்வளவுதான் விஷயம். எவன்கூடயும் ஓடல, தலையெழுத்து கெடல. நான் நாலு நாளாப் பயந்ததுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல.

"இதத்தான் செவ்வாய்க்கிழமை சொன்னியா?"

"அன்னிக்குப் போகட்டுமான்னு கேட்டேன். நான் இறங்கற வரைக்கும் நீ ஜன்னலப் பாத்துட்டே வந்திருந்தா, மனசுக்குள்ளயே போறதா வேணாமான்னு முடிவு பண்ணியிருப்பேன். நீ திரும்பி அந்த வார்த்தையச் சொன்னே. கடைக்குப் போனதும் போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போயிட்டு வா"ன்னேன். அது பெரியக்கா குரலும் இல்ல, டீச்சர் குரலும் இல்ல, கரகரன்னு ஒரு மாதிரி இருந்துச்சு. அவ தலையாட்டினா. அவ கைய என் மடியில வெச்சுக்கிட்டு, மனசு அடங்காமக் கேட்டேன், "மத்தது எல்லாம்? அந்தப் பையன், அப்பாவப் பத்திச் சொன்னது, ஒரு வருஷமாச் சொன்னது எல்லாம். இந்தக் காது நல்லாத்தான் கேக்குது பாப்பா. ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு. எதையும் குறுக்க கேக்க மாட்டேன். சொல்லேன்."

அவ யோசிச்சா. சொல்லிடுவான்னுதான் நெனச்சேன். வாயக்கூடத் திறந்தா. அப்புறம் என் கன்னத்த ஒரு தடவை தடவிட்டு எழுந்து துணிகிட்டப் போனா.

"அதெல்லாம் உங்கிட்டச் சொல்லியாச்சும்மா"ன்னா.

அவ குரல்ல கோபம் இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவளுக்கு இருக்குமே, அந்த அசதி மட்டும்தான் இருந்துச்சு. கட்டில் மேல இன்னும் ஏழெட்டுத் துணி கிடந்துச்சு. ஒரு ஓரத்த அவ பிடிச்சா, மறு ஓரத்த நான் பிடிச்சேன்.